தீபாவளிக்குள் திரும்பி வரக்கூடாத கம்ப்யூட்டர்கள்

மளிகைக் கடையில் பருப்பு வாங்கிப் போனவர் அது வேகவில்லை என்றால் அடுப்பைத்தான் குறை சொல்வார். கம்ப்யூட்டர் வாங்கிப் போனவர் தெருவில் கரண்ட் போனாலும் நமக்குத்தான் போன் அடிப்பார். இந்தத் தொழிலின் லட்சணம் அவ்வளவுதான்.

சிவகாசியில் ஒரு சந்துக்குள் எனக்குக் கடை. புதுக் கம்ப்யூட்டர் விற்கிற கடையல்ல. இங்கே அச்சகங்கள் நிறைய. காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் எல்லாம் டிசைன் செய்வதற்கு நல்ல திடமான மிசின்களாக வாங்கி வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரை நாங்கள் மிசின் என்றுதான் சொல்வோம். சில வருஷம் ஓட்டிவிட்டு, காலண்டர் சீசன் முடிந்ததும் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது போடுவார்கள். தள்ளியதை நான் வாங்கி, தூசி ஊதி, புது டிஸ்க் போட்டு, கேம் விளையாடுகிற மாதிரி ஒரு கிராபிக்ஸ் கார்டும் சொருகி வீடுகளுக்குக் கொடுப்பேன். பிள்ளைகள் படிக்கலாம், பெரியவர்கள் படம் பார்க்கலாம், எல்லோரும் விளையாடலாம். ஷோரூம் விலையில் பாதிகூட ஆகாது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அச்சகத்தில் ஹெல்பராக இருந்தபோது, டிசைன் ரூமில் மிசின் நின்றுபோகும் போதெல்லாம் ரிப்பேர்காரர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துப் பழகினேன். தள்ளி நில்லு என்று ஒரு ரிப்பேர்காரர் என்னை நெட்டித் தள்ளியிருக்கிறார். அவர் கடையை மூடிவிட்டார். என் கடை இருக்கிறது.

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிச் சிரமப்பட்டவர்களும், அதை விற்றுச் சிரமப்பட்டவர்களும் இதைப் படிக்கலாம். இரண்டு கூட்டமும் என் சனம்தான். சிரமப்படுத்தியவர்களும் படிக்கலாம். அவர்கள் பெயரெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

பந்தியில் வந்த பேச்சு

என் மச்சினன் ராஜபாண்டியின் பேத்திக்கு இருக்கன்குடி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். ராஜபாண்டி என் சம்சாரம் பழனியம்மாளின் தம்பி. விருதுநகரில் டி.வி., பிரிட்ஜ், லேப்டாப் விற்கிற பெரிய ஷோரூம் வைத்திருக்கிறான். கண்ணாடிக் கதவு, உள்ளே போனால் குளிரும். அவன் கல்யாணத்துக்கு நான் தோளில் சுமந்துகொண்டு போன வாழைத்தாரைப் பற்றி இன்றுவரை அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது கிடக்கட்டும்.

பந்தியில் என் எதிர் வரிசையில் காரியாபட்டியிலிருந்து வந்திருந்த பழனியம்மாளின் சித்தி மகள் உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் நான் கொடுத்த மிசினைத் தூக்கிக்கொண்டு காரியாபட்டிக்கும் சிவகாசிக்கும் அலைந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். நடந்தது என்னவென்றால், அவர்கள் வீட்டு எலி உள்ளே புகுந்து வயரைக் கடித்துவிட்டது. சரி செய்து கொடுத்தேன், மறுபடியும் கடித்தது. அந்த எலியைப் பற்றிப் பந்தியில் ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. எட்டாங்கிளாஸ் படித்தவர் கம்ப்யூட்டர் விற்றால் எலிதான் வாங்கும் என்று ராஜபாண்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று பார்த்துக்கொண்டேன்.

பழனியம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் முன்னால் அவளுக்குத் தலையிறக்கமாகிவிட்டது. சாப்பிட்டு எழுந்ததும் தம்பியையும் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒரு முடிவு சொன்னாள். வருகிற தீபாவளி வரைக்கும் கடையை நடத்தலாம். அதற்குள் விற்ற மிசின் ஒன்றே ஒன்று குறை என்று திரும்பி வந்தாலும் கடையைச் சாத்திவிட்டு, தம்பி ஷோரூம் குடோனில் போய் நான் உட்கார வேண்டும். சாமான் வருகிறதையும் போகிறதையும் பார்த்துக்கொள்கிற வேலை. என் கடைப் பூட்டைத் திறக்கிற கையால் மச்சினன் குடோனைத் திறப்பதா என்று நினைத்தபோது, குடித்த பாயசம் நெஞ்சிலேயே நின்றது. முடியாது என்றால் பயந்துவிட்டேன் என்பார்கள். சரி என்றேன்.

கை கழுவுகிற இடத்தில் ராஜபாண்டி என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னான்: "குடோன்ல ஒரு சேர் போட்டு வைக்கேன், அத்தான். இடுப்பு வலிக்குமே, சாய்மானம் உள்ள சேராவே போட்டுருவோம்."

ஆடிக்கு என்ன வந்துச்சு

இப்படி ஒரு கத்தி தலைக்கு மேல் தொங்குகிறபோது ஆடி மாதம் வந்தது. ஷோரூம்களில் தள்ளுபடி போட்டு அமோகமாக விற்பார்கள். என்னிடம் வருகிறவர்கள் ஆடியில் புதுச் சாமான் எடுக்கமாட்டார்கள். நான் விற்பது பழைய சாமான்தானே என்றால், எங்கள் வீட்டுக்கு அது புதுசுதானே என்பார்கள்.

சரஸ்வதி என்று ஒரு பெண். அச்சகத்தில் பைண்டிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் ஹாஸ்டலில் இருக்கின்றன. தனக்கென்று விளையாட ஒரு மிசின் வேண்டும், துப்பாக்கிச் சண்டை நிற்காமல் ஓட வேண்டும் என்று அவர் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழுப் பணத்தையும் கொடுத்தார். ஆனால் மாமியார் ஆடியில் வீட்டுக்குள் விடமாட்டார் என்பதால் ஆவணி பிறந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து டிபன் டப்பாவோடு வந்தவர், என் கடையிலேயே மிசினைப் போட்டுவிட்டுச் சுட ஆரம்பித்தார். ஆடி முழுக்க இதுதான். வருகிற சனம் அவரைக் கடை ஆள் என்று நினைத்து விலை கேட்டது. அவரும் குண்டு போட்டுக்கொண்டே விலை சொன்னார். நான் சொல்கிற விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார். ஆவணியில் எடுத்துக்கொள்கிறோம் என்று அட்வான்ஸ் கொடுத்துப் போனார்கள்.

எனக்கு இதில் ஒரு நிம்மதி. கோளாறு இருந்தால் என் கண் முன்னாலேயே தெரிந்துவிடும். திரும்பி வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தாலும் ஒரு நாள் கேட்டுவிட்டேன், மாமியார் ஒன்றும் சொல்லமாட்டார்களா என்று. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வீட்டுக்குத்தான் ஆடியில கொண்டு போகக் கூடாதுங்காக. கடையில வச்சு நாலு பேரைச் சுட்டா ஆடிக்கு என்ன வந்துச்சு, அண்ணாச்சி?"

சேப்பு சேப்பாத்தான இருக்கணும்

மானிட்டர் விற்பதற்கு இந்த ஊரைப் போல ஒரு கஷ்டமான ஊர் கிடையாது. வேறு ஊரில் வெளிச்சம் வந்தால் எடுத்துப் போவார்கள். இங்கே பாதிப் பேர் கலர் பார்த்துப் பிழைக்கிறவர்கள்.

பிச்சையா என்று ஒரு ஆப்செட் மிசின் ஆபரேட்டர். மகன் கேம் விளையாட வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று வந்தார். வரும்போதே கக்கத்தில் சுருட்டிய காலண்டர் தாள், சட்டைப் பையில் அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸ். தாளை விரித்தால் லட்சுமி படம். அதே படத்தைப் பென் டிரைவிலும் கொண்டுவந்திருந்தார். என் கடையிலுள்ள மானிட்டர் ஒவ்வொன்றிலும் லட்சுமியைப் போடச் சொல்லி, தாளைப் பக்கத்தில் பிடித்து, திரையில் லென்ஸை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முகம் மஞ்சள் தூக்குகிறது என்றார். தாமரை நீலம் அடிக்கிறது என்றார். விளையாட்டில் லட்சுமி வரமாட்டாள், கார்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

கடைசியில் மூலையில் கிடந்த கனமான பழைய மானிட்டர் ஒன்றைத் தூக்கி வைத்தேன். ஓரத்தில் பழைய கீறல் ஒன்று உண்டு. சும்மா கொடுத்தாலும் எடுக்கமாட்டார்கள் என்று நான் ஒதுக்கி வைத்திருந்தது. அதில் லட்சுமி வந்ததும் பிச்சையா லென்ஸைப் பைக்குள் போட்டுவிட்டார். கீறலைக் காட்டினேன், பிறகு வந்து சண்டை போடக் கூடாதே என்று. அவர் தாளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "கீறல் கெடக்கட்டும் அண்ணாச்சி, அது அங்கனயேதான் இருக்கும். மத்ததுல அம்புட்டுச் சேலையும் மெரூன் அடிக்கு. வெளையாட்டா இருந்தாலும் சேப்பு சேப்பாத்தான இருக்கணும்?"

பிரேக் பிடிக்காத மிசின்

புரட்டாசியில் ஒரு காலை நேரம் போன் வந்தது. மிசினில் பிரேக் பிடிக்கவில்லை என்றார் ஒருவர். வொர்க் ஷாப்புக்கு அடிக்க வேண்டிய போன் எனக்கு வந்துவிட்டது என்று நினைத்து வைக்கப் போனேன். சங்கரலிங்கம் பேசுகிறேன் என்றதும் போனை மறுபடி காதில் அழுத்தினேன்.

சங்கரலிங்கம் வெம்பக்கோட்டைப் பக்கம். வாழ்நாள் முழுக்கப் பட்டாசு லோடு ஏற்றி வடக்கே போய்வந்தவர். கண்ணில் ஆபரேஷன் ஆனபிறகு வீட்டில் வண்டியைத் தொடவிடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லி, என்னிடம் வந்து ஒரு மிசின் எடுத்துப் போயிருந்தார். அவர் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்கு முன்னால் நாம் போய்விட வேண்டும் என்று என் டி.வி.எஸ்.ஸை விரட்டினேன்.

போய்ப் பார்த்தால் மனுஷர் பனியனோடு சேரில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மேஜையில் மானிட்டர். கீபோர்டைக் காணோம். தரையில் கிடந்தது. பிரேக்குக்கென்று இருக்கிற நீளமான ஸ்பேஸ் பார் பட்டையைக் கால் பெருவிரலால் மிதித்து மிதித்து, அது உடைந்து பள்ளத்தில் இறங்கி மேலே வரமாட்டேன் என்று கிடக்கிறது. திரையில் லாரி ஒரு பெட்ரோல் பங்குக்குள் புகுந்து நிற்கிறது. கோபத்தை அடக்கிக்கொண்டு, கீபோர்டு கையால் தட்டுகிற சாமான் என்று விளக்கினேன். என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை வருஷ ஹைவேயும் தெரிந்தது. பையில் வைத்திருந்த வேறு கீபோர்டை மாட்டினேன். பிறகு மதுரையில் சொல்லிவைத்து, காலால் மிதிக்கிற பெடலோடு ஒரு பழைய ஸ்டியரிங்கும் தருவித்துக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மிசின் அவர் வீட்டிலேயே இருந்தது, அது போதும். ஆனால் அன்றைக்கு நான் கிளம்புகிறபோது அவர் விடாமல் கேட்டார்: "கையால பிரேக் பிடிக்கதுக்கு அது என்ன சைக்கிளா?"

உளவு பார்க்க வந்தவர்

ஆயுத பூஜை நெருங்குகிற சமயம், இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் வந்தார். மேஜை மேல் கிடந்த எதையும் தொடவில்லை. எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தார். வாரண்டி உண்டா, பில் உண்டா, இதுவரை எத்தனை திரும்பி வந்திருக்கிறது என்று கேட்டார். கடைசிக் கேள்வியில் எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர் திரும்பி வந்ததைப் பற்றிக் கேட்கமாட்டார். தன்னுடையது திரும்பி வராது என்ற நம்பிக்கையில்தான் வருவார். பெயர் முருகேசன் என்றார். ராஜபாண்டியின் ஷோரூமில் இவரைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை நான் போனபோது, உட்காருங்கள் என்று சொல்லாமல் என்ன வேண்டும் என்று கேட்ட ஆள் இவர்தான்.

கோபத்தில் எல்லாவற்றையும் காட்டினேன். உள்ளே திறந்து, எது பழசு, எது புதுசு, எது எத்தனை நாள் தாங்கும் என்று மறைக்காமல் சொன்னேன். போய் உன் முதலாளியிடம் சொல் என்பதுதான் என் நினைப்பு. அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடிப்பதை விட்டுவிட்டார். மகள் காலேஜில் சேர்ந்திருப்பதாகவும், சின்னவன் கேம் கேம் என்று உயிரை எடுப்பதாகவும் சொன்னார். கடைசியில் ஒரு மிசின் எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனபிறகுதான் எனக்கு உறைத்தது. மச்சினனுடைய ஆளே மிசின் வாங்கியிருக்கிறார். நாளைக்கே குறை சொல்லிக் கொண்டுவந்து இறக்கினால் என்ன செய்வது? கடை வாசலில் ஆட்டோ நின்றாலே எழுந்து எழுந்து பார்த்தேன்.

ஒரு நாள் அவரே வந்து இறங்கினார், கையில் பெரிய பையோடு. பைக்குள் அவர் மனைவி கொடுத்தனுப்பிய முறுக்கு. சந்து முனை வரைக்கும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மொதலாளிகிட்டச் சொல்லிராதீக, அண்ணாச்சி. அங்கன வேலை பாக்குறவுகளுக்கும் அதே வெலைதான்."

நடுத்தெருவில் மண் குவியல்

தீபாவளிக்கு முந்தின வாரம். பட்டாசு ஆலைகளில் போனஸ் கொடுத்து லீவு விட்டாயிற்று. என் கடைக்கு அதுதான் சீசன். தங்கவேல் என்று ஒரு போர்மேன், மகள் படிப்புக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரு மிசின் எடுத்துப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தெருவிலிருந்து யாரோ போன் செய்தார்கள். உங்கள் மிசினிலிருந்து புகை வருகிறது என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள், போன் நின்றுவிட்டது.

வேறு ஊரில் புகை என்றால் மூக்கைப் பொத்துவார்கள். எங்கள் பக்கம் புகை என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது ஆலைக்குப் போகிறவர். போனஸோடு கொடுத்த பட்டாசுப் பெட்டி வீட்டுக்கு வீடு இருக்கும். வண்டியில் போகிறபோது எனக்குக் கடையும் நினைவில்லை, மச்சினனும் நினைவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

தெருவில் எல்லோரும் வெளியே நின்றார்கள். பட்டாசுப் பெட்டிகளைத் தூக்கிவந்து தெருமுனையில் தூரமாக அடுக்கியிருந்தார்கள். நடுத்தெருவில் ஒரு மண் குவியல். அதற்குள்ளிருந்து என் மிசினின் ஒரு மூலை தெரிந்தது. தங்கவேல் குளித்துவிட்டு வந்தவர், மிசின் பெட்டியின் பின்னாலும் மேலேயும் புகை வருவதைப் பார்த்திருக்கிறார். மெயினை அணைத்து, வயரைப் பிடுங்கி, வாசலில் எப்போதும் வைத்திருக்கிற மண் வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்து, பெட்டியைத் தெருவுக்குத் தூக்கிவந்து, மேலும் நாலு வாளி கொட்டியிருக்கிறார். ஆலையில் பழகிய கை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று தெரிந்ததும், நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தபிறகுதான் அடுத்த பயம் வந்தது. அதே நேரம் பார்த்து ராஜபாண்டியின் காரும் வந்து நின்றது. ஏதோ வசூலுக்கு ஊருக்குள் வந்திருந்தான், அந்தத் தெருவில் அவனுக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நல்ல சேதி சொல்ல ஆள் இருக்காது. இதற்கு மட்டும் இருக்கும். இறங்கி, கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகத் தலையை ஆட்டி, பழைய சரக்கு என்றால் ஷார்ட் ஆகத்தான் செய்யும் என்றான். தெருவே என்னைப் பார்த்தது. நான் மண்ணைக் கையால் ஒதுக்கி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளேயும் மண். குனிந்து மோந்து பார்த்தேன். வயர் கருகினால் ஒரு நாற்றம், காயில் என்கிற கம்பிச்சுருள் வெந்தால் ஒரு நாற்றம். இரண்டும் எனக்கு அத்துப்படி. இது அந்த நாற்றமே இல்லை. கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? அத்தனை பேர் முன்னால் அந்த வீட்டுப் பெண்ணைக் குற்றவாளியாக்க வேண்டும். வாயைத் திறக்காவிட்டால் என் கடை போய்விடும். தங்கவேலின் மனைவி மாரியம்மாளைப் பார்த்து, இன்றைக்கு வெள்ளிக்கிழமைதானே என்று மட்டும் கேட்டேன். அவர் முகம் மாறியது. விறுவிறுவென்று உள்ளே போய், இன்னும் கனன்றுகொண்டிருந்த தூபக்காலைக் கொண்டுவந்து, தெருவுக்கு நடுவில் என் முன்னால் வைத்தார். மிசின் ஆயுத பூஜைக்குப் பிறகு வந்ததால் அதற்குப் பூஜை போடவில்லையே என்று அவருக்கு மனசில் ஒரு உறுத்தல். மகள் ஏதோ விளையாட்டை டவுன்லோடு போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள், மிசின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முகத்துக்கு நேரே தூபக்காலை வைத்து, சாம்பிராணியைத் தாராளமாகப் போட்டு ரொம்ப நேரம் காட்டிவிட்டு, தூபக்காலோடு இவர் அடுப்படிக்குப் போய்விட்டார். முன்னாலிருக்கிற காற்றாடி புகையை உள்ளே இழுத்தது, பின்னாலிருக்கிற காற்றாடி வெளியே தள்ளியது. நல்ல காற்றாடிகள், நானே மாட்டியவை.

மாரியம்மாள் அழப் போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. புருஷனைப் பார்த்துச் சொன்னார்: "சாமி கும்பிட்ட பொருளு மேலயா அம்புட்டு மண்ணையும் கொட்டுனீக? மோந்து பாத்திருக்கக் கூடாதா?"

திரும்பி வந்ததா, வரவில்லையா

தெரு சிரித்துவிட்டுப் பட்டாசுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனது. தங்கவேலும் நானும் மிசினைக் கவிழ்த்து முடிந்தவரை மண்ணைக் கொட்டினோம். மிச்சத்தைக் கடையில் வைத்து புளோயரால்தான் ஊத வேண்டும். மிசினை வண்டியில் கட்டினேன். ராஜபாண்டி அப்போதும் போகவில்லை. என் வண்டிக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தான்.

அவன்தான் முதலில் பேசினான். காரணம் என்னவாக இருந்தாலும் சரி, சாம்பிராணியோ சனீஸ்வரனோ, மிசின் வாங்கினவர் வீட்டிலிருந்து கடைக்குத் திரும்பி வந்துவிட்டது, பேச்சு என்றால் பேச்சு என்றான். அவன் சொல்வதும் ஒரு கணக்கில் சரிதானே என்று பட்டது, அதுதான் வயிற்றெரிச்சல். வாதாட எனக்கு வராது. மனசில் வைத்துக்கொள்ளத்தான் தெரியும்.

பழனியம்மாள் இரண்டு பேருக்கும் காபி கொடுத்தாள். நடந்ததை முழுக்க என் வாயால் ஒரு தடவை, அவன் வாயால் ஒரு தடவை கேட்டாள். மாரியம்மாள் மேல் பழியைப் போட்டேனா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமையா என்று மட்டும்தான் கேட்டேன் என்றேன். வண்டியில் கட்டியிருந்த மிசினைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் சொன்னாள்: "ஏலே, சலவைக்குப் போட்ட சேலை துணிக்கடைக்குத் திரும்பிப் போச்சுன்னு சொல்லுவாகளா? அது மண்ணு தட்ட வந்திருக்கு. தட்டுனதும் போயிரும். நீ காபியக் குடி, ஆறிரப் போகுது."

சூடம்

மறுநாள் காலையில் ஊதினேன். ஊத ஊத மண் வந்தது. கடை வாசலில் விழுந்ததை அள்ளினால் ஒரு செடி நடலாம். காற்றாடிகளைக் கழற்றித் துடைத்து, ராம் என்கிற மெமரித் தகட்டைப் பிடுங்கிச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, சுவிட்சைத் தட்டுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வந்தது. கண்ணைத் திறந்தால் திரையில் வெளிச்சம். முந்தின நாள் பாதியில் நின்ற டவுன்லோடை மறுபடி தொடங்கட்டுமா என்று கேட்டது. தனியாக இருந்ததால் கொஞ்ச நேரம் சேரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். போனதும் மேஜையைச் சுவரிலிருந்து தள்ளிப் போடச் சொன்னேன். காற்றாடிக்கு முன்னால் எதையும் வைக்கக் கூடாது என்று தங்கவேலிடம் ஒரு முறையும், மகளிடம் ஒரு முறையும், மாரியம்மாளிடம் கையெடுத்துக் கும்பிட்டு ஒரு முறையும் சொன்னேன். தங்கவேல் மிசினை ஓடவிட்டுப் பின்பக்கம் போய்க் கையை வைத்துப் பார்த்தார், மூக்கை வைத்தும் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு, எதிர் வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டுமாம் என்றார். மண்ணைத் தின்றுவிட்டும் ஓடுகிறது என்று தெருவுக்குள் பெயர் வந்துவிட்டதாம்.

எல்லாம் ஒத்துக்கொண்ட மாரியம்மாள், நான் செருப்பை மாட்டுகிறபோது வாசல் வரைக்கும் வந்து, புருஷனுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "சாம்பிராணி போட மாட்டேன், அண்ணாச்சி. சூடம் மட்டும் தூரமா நின்னு காட்டிக்கிடலாமா?"

தீபாவளி போய்விட்டது, கடை திறந்திருக்கிறது, மிசின்கள் எல்லாம் அவரவர் வீட்டில் ஓடுகின்றன, மச்சினனோடு நான் இன்னும் பேசவில்லை. ஆக, இந்த வருஷம் எனக்கு நல்லபடியாகவே முடிந்தது.